ப்ரீஆம்பில் பிசி 547-க்குப் பதில் வேறு டிரான்சிஸ்டர் போடுவது எப்படி?

ப்ரீஆம்ப் என்பது மைக் போன்றவற்றின் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு முன் பெரிதாக்கும் சர்க்யூட். அதில் பிசி 547 கேட்டிருந்தால் 2என் 3904 தாராளமாக வேலை செய்யும். இரண்டும் என்பிஎன் சிலிக்கான் வகை, 9 வோல்ட் இரண்டுக்கும் சாதாரணம். சொதப்பல் வருவது பெரும்பாலும் கால் வரிசையில்தான்.

படி 1: தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக பிசி 547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். ஆக, அப்படியே திருப்பிப் போட்டால் போதும். 2எஸ்சி 1815 என்ற இன்னொரு என்பிஎன் டிரான்சிஸ்டரில் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். திருப்பினாலும் பொருந்தாது, காலை வளைத்து, ஒன்றோடொன்று தொடாதபடி ஸ்லீவ் (மெல்லிய இன்சுலேஷன் குழாய்) மாட்ட வேண்டும். கால் வரிசை தவறிச் செருகினால் சத்தம் மெலிந்து கரகரக்கும். எமிட்டர்-பேஸ் சந்தி தலைகீழாக 5, 6 வோல்ட் வரைதான் தாங்கும். அதை மீறி மின்னோட்டம் பாய்ந்தால், பிறகு சரியாகப் போட்டாலும் இரைச்சல் நிரந்தரமாகக் கூடியிருக்கும்.

படி 2: சப்ளையைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று துளை சாக்கெட் ஒன்றைச் சோல்டர் செய்யுங்கள். இனி எதையும் செருகிப் பார்க்கலாம்.

படி 3: சப்ளை கொடுத்து, கிரவுண்டுக்கும் கலெக்டருக்கும் இடையே மல்டிமீட்டரால் அளவெடுங்கள். 9 வோல்ட் சப்ளைக்கு 4 முதல் 5 வோல்ட் இருந்தால் நல்லது. பேஸில் 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர், கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம் உள்ள சர்க்யூட் என்றால், எந்த டிரான்சிஸ்டர் போட்டாலும் ஏறக்குறைய இதே அளவுதான் வரும்.

தொல்லை கொடுப்பது, எமிட்டரை நேராகக் கிரவுண்டில் இணைத்து, சப்ளையிலிருந்து பேஸுக்கு ஒற்றை ரெசிஸ்டர் போடும் சர்க்யூட். அங்கே 2 மெகா ஓம் போட்டிருந்தால் பேஸ் மின்னோட்டம் சுமார் 4 மைக்ரோ ஆம்பியர். பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் பாய்கிறது என்பது) 200, கலெக்டர் ரெசிஸ்டர் அதே 4.7 கிலோ ஓம் என்றால் கலெக்டரில் 5 வோல்ட் நிற்கும். பிசி 547-சி போன்ற 500 பெருக்கம் உள்ளதைச் செருகினால் 0.2 வோல்ட்டுக்கு விழுந்து, ஒலி வெட்டுப்படும். அந்த ரெசிஸ்டரை 4.7 மெகா ஓம் ஆக்குங்கள், சரியாகிவிடும். பழுது டிரான்சிஸ்டரில் என்று நினைத்து அதை வீசிவிட வேண்டாம்.

பிசி 557-ஐ மட்டும் தொடாதீர்கள். அது என்பிஎன்னுக்கு நேர்மாறான பிஎன்பி வகை, சப்ளையையும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் தலைகீழாக்கினால்தான் ஓடும்.

இரைச்சல் குறையவேண்டுமா? முதல் நிலையில் பிசி 549-சி போடுங்கள். ஒலியோடு ரேடியோ நிலையத்தின் சத்தமும் கலந்து கேட்டால் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 100 பிகோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை, கால்களைக் குட்டையாக வெட்டி வையுங்கள்.