மதுரையிலிருந்து ஒரே நாளில் குருசடைத் தீவு: முதல்முறை படகேறுபவர்களுக்கு

பாம்பன் குந்துகால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று இது.

1. நாள் குறிப்பது

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதக் கடைசியில் கிளம்பிவிடுகிறார்கள். பாம்பன் பாலத்துக்கு வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். குந்துகால் ஆண் கடல் பக்கம். மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தக் கடலைத்தான் கொந்தளிக்க வைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் சின்னமும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் தண்ணீர் தெளிந்து கிடக்கும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், ஒன்றாம் எண்ணாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டணமும் படகு நேரமும் மாறும்; முதல்நாளே விசாரித்துவிடுங்கள்.

2. கிளம்புவது

சுமார் 160 கிலோமீட்டர். விடிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் 8 மணிவாக்கில் சேரலாம். பஸ் என்றால் மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் வண்டி ஏறி, பாலம் தாண்டியதும் பாம்பனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். காலைப் படகுதான் நல்லது. வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும், அலை அடிமணலைக் கிளப்பும், அப்புறம் பவளப்பாறை எங்கே தெரியும்?

3. படகில்

வழியில் இரண்டு இட்லி போதும். பூரி, பரோட்டா வேண்டாம். வெறும் வயிறும் குமட்டும். வாந்தி வருகிறவர்கள் மருந்துக்கடையில் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பிடிக்காது. படகின் நடுவில் உட்காருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. செல்போனைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும், தொடுவானத்தைப் பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டி வாரை இழுத்துவிடுங்கள். பிறகு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு; தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும். குழந்தைகளுக்குச் சின்ன அளவே கேட்டு வாங்குங்கள், பெரியதை இறுக்கிக் கட்டிச் சமாளிக்காதீர்கள். டால்பின் தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் படகு சாயும்.

4. தீவில்

வார் வைத்த செருப்பு போடுங்கள். பவளத் துண்டு கீறினால் லேசில் ஆறாது, சீழ் வைக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.

5. விவேகானந்தர் இறங்கிய கரை

திரும்பியதும் குந்துகாலிலேயே உள்ள நினைவிடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேல்நாட்டுப் பயணம் முடிந்து, இலங்கை வழியாக வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இங்கே கரையிறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டே அவர் மதுரைக்கு வந்த தடத்தில்தான் நீங்களும் ஊர் திரும்பப் போகிறீர்கள். இதைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

3 மணிக்குள் கிளம்பினால் பாம்பன் சாலைப் பாலத்தை வெளிச்சத்திலேயே கடக்கலாம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் நன்றாகத் தெரியும். படமெடுக்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் பஸ் வரும்.