வாங்கிய அன்றே பிளாப்பியைப் போட்டுப் பார்க்காதீர்கள்: பழைய கணினி சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். தேசிய சேவை முடித்து இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் அறுபது பிளாப்பி, அந்தக் காலத்துக் கணினிகளில் கோப்புகளைச் சேமித்த வட்டுகள். பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் இருபது வெள்ளிக்கு வாங்கினானாம். "அண்ணே, முப்பது போட்டுப் பார்த்துட்டேன், நாலுதான் ஓடுது. மிச்சத்தை உங்க டிரைவில போட்டுப் பார்க்கலாமா?" என்றான். டின்னை மூடி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, முதலில் டீயைக் குடி என்றேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்ததை அச்சு மாறாமல் செய்துவிட்டு வந்து நின்றான், அவ்வளவுதான்.

காந்தத்தைப் பக்கத்தில் வைக்காதே, வெயிலில் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் சில உண்டு.

கொண்டு வந்ததும் ஸ்விட்சைப் போடுவது

இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்த கணினியில் மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளைக்குள் தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு ஒரு சின்ன மின்தேக்கி இருக்கலாம். உள்ளே காகிதச் சுருள். வயதானால் உறையில் மயிரிழை போல விரிசல் விடும், அதன் வழியே ஈரம் உள்ளே போகும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 230 வோல்ட் பாய்ந்ததும் சில நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு வீடு முழுக்கப் புகை. இரண்டு நாளைக்கு நாற்றம் போகாது. விரிசல் தெரிந்தால் மட்டும் மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். சிம் லிம் டவருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பவர் சப்ளையைத் திறக்க வேண்டும்.

115, 230

பவர் சப்ளையின் பின்னால் இருக்கும், வோல்ட்டை மாற்றும் சிவப்பு ஸ்விட்சைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 115-இல் நிற்கும், 230-க்குத் தள்ளிவிடுங்கள். ஜப்பானியக் கணினி 100 வோல்ட்டுக்குச் செய்தது. அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பேட்டரியை விட்டுவைப்பது

286, 386, 486 வகைப் பழைய கணினிகளின் போர்டுகள் பலவற்றில் விசைப்பலகைச் செருகிக்குப் பக்கத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். பெரும்பாலும் நீல நிற உருளை. ஒரு நாள் அது கசியத்தான் செய்யும். கசிவது காரம் (ஆல்கலி). பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, செம்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். "போர்டு நல்லாத்தான் ஓடுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அப்புறம் வருவதற்குள் போர்டு போய்விடுகிறது. இன்றைக்கே வெட்டி எடுங்கள். ஏற்கெனவே கசிந்திருந்தால் வெள்ளை வினிகரால் தடவிக் காரத்தை முறித்து, தண்ணீரால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பழைய மெக்கின்டாஷ்களில் அரை விரல் நீளத்துக்கு ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். அது வெடித்தால் போர்டோடு சேர்த்துத் தகர உடம்பும் துருப்பிடித்துவிடும்.

பூஞ்சை பிடித்த பிளாப்பியை டிரைவில் போடுவது

உண்மையில் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2011-இல் பிடோக்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தார். மூன்றரை அங்குல பிளாப்பி, நாற்பத்திரண்டு. தொண்ணூறுகளில் அவர் எழுதிய மேடை நாடகங்கள், பள்ளி ஆண்டு விழாப் பாடல்கள், வகுப்புக்குச் செய்த பயிற்சித் தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. பத்து வருடத்துக்கும் மேலாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. மேலே ஒட்டிய தாள்களில் முத்து முத்தான கையெழுத்து.

அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன். முதல் வட்டு திறந்தது. மூன்று கோப்புகள் நகலாயின. இரண்டாவது வட்டில் கீச்சென்று ஒரு சத்தம். பழைய வட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் பாதியில் பிழை. மறுபடி முயற்சி செய், மறுபடி முயற்சி செய் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஆறாவதுக்குப் பிறகு ஒன்றுகூட ஓடவில்லை. டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கி வைத்திருந்த இன்னொரு டிரைவை மாட்டினேன். ஓடாத அதே வட்டுகளை அதிலும் போட்டேன். பதினோராவது வட்டில்தான் புத்தி வந்தது.

டிரைவைத் திறந்து பார்த்தால், வட்டைப் படிக்கும் ஹெட்டின்மேல் காபிக் கசடு மாதிரி பழுப்பாக ஒரு பொருக்கு. வட்டின் உலோகக் கதவைத் தள்ளி விளக்கில் பிடித்தேன். வளையம் வளையமாகக் கீறல், சில இடங்களில் ஒளி மறுபக்கம் வந்தது. அங்கே பூச்சே இல்லை, வெறும் பிளாஸ்டிக் தகடு.

ஹார்டு டிஸ்க்கில் ஹெட் வட்டைத் தொடாமல் மிதக்கும். பிளாப்பியில் ஹெட் வட்டின்மேல் உரசிக்கொண்டுதான் படிக்கும். மூன்றரை அங்குல வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. வட்டில் பூஞ்சை இருந்தால் அது ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்பியது உப்புத்தாள் போலக் காந்தப் பூச்சைச் சுரண்டும். சுரண்டிய தூளும் ஹெட்டிலேயே ஒட்டும். பிழை வந்தால் டிரைவ் அதே தடத்தை மறுபடி மறுபடி படிக்கப் பார்க்கும், அதாவது அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டும். அடுத்த வட்டு சுத்தமானதாகவே இருந்தாலும் அதற்கும் அதே கதிதான். ஒரு வட்டின் நோய் பெட்டி முழுவதற்கும் தொற்றுவது இப்படித்தான்.

பதினொன்றில் ஒன்பது போயின. ஐந்து நாடகங்கள். எதற்கும் அச்சுப் பிரதி இல்லை. ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "போகட்டும் தம்பி, எழுதின எனக்கே மறந்துபோச்சு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது அந்தக் கீச் சத்தம்தான். அதைக் கேட்டேன், கேட்டும் நிறுத்தவில்லை. ஆகவே சத்தம் கேட்டால் அந்த நொடியே வட்டை வெளியே எடுங்கள். "இன்னும் ஒரே ஒரு கோப்பு" வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முதலில் கண்ணால் பாருங்கள். மூன்றரை அங்குல வட்டில் உலோகக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்பக்க நடுவிலுள்ள தகட்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புள்ளிகள், மேகம் மாதிரி திட்டுகள், நூல் நூலாகப் படர்ந்தது எதைக் கண்டாலும் தனியே வையுங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டு இதில் நல்லது: ஜன்னல் திறந்தே இருக்கிறது, நடுத் துளையில் விரல் விட்டுச் சுற்றலாம்.

லேசான பூஞ்சை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணிக்குச்சியால் ஜன்னல் வழியே துடைக்கலாம். அழுத்தக் கூடாது. முக்கியமில்லாத ஒரு வட்டில் முதலில் செய்து பழகுங்கள். சில வட்டுகளின் பூச்சு ஆல்கஹாலில் கரைந்து துணியில் பழுப்பாக வரும், அப்படி வந்தால் நிறுத்திவிடுங்கள். பூஞ்சை அதிகம் என்றால் உறையைப் பிரித்து வட்டைத் தனியே எடுத்துத் துடைத்துக் காயவைத்து, வேறொரு நல்ல பிளாப்பியின் உறைக்குள் போட வேண்டும். பழைய உறையின் உள்துணியிலும் பூஞ்சை இருக்கும் என்பதால் அதிலேயே திருப்பிப் போடாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சமையலறை மேசையில் இந்த வேலை வேண்டாம்.

துடைத்த வட்டைப் படிக்கும்போது, அதுவே அதன் கடைசி வாசிப்பு என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். கோப்புகளை இழுத்துப் போடுவதைவிட முழு வட்டையும் ஒரே பிம்பமாக (இமேஜ்) நகலெடுப்பது மேல். கிரீஸ்வீசல் என்றொரு சிறிய பலகை இருக்கிறது, சாதாரண பிளாப்பி டிரைவைக் கணினியோடு யூஎஸ்பி வழியே இணைக்கும். அது வட்டிலுள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும். இன்று புரியாத தடத்தை நாளை நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம், வட்டை மறுபடி தொட வேண்டியதில்லை. கடையில் விற்கும் யூஎஸ்பி பிளாப்பி டிரைவுக்கு இந்தத் திறமை கிடையாது, அமிகா என்ற பழைய கணினியின் வட்டுகளை அது படிக்கவும் படிக்காது. சந்தேகமான வட்டுகளுக்கென்றே மலிவான டிரைவ் ஒன்றை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் ஹெட்டைத் துடையுங்கள். ஆமாம், ஒவ்வொன்றுக்குப் பிறகும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

பூஞ்சை வராமல் வைப்பது தனிப் பாடு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் பாம் ஷெல்ட்டரில், அதாவது குண்டுத் தாக்குதலுக்கான காப்பறையில்தான் எல்லாரும் சேகரிப்பை அடுக்குகிறோம். இரும்புக் கதவை மூடிவிட்டால் காற்றோட்டம் போதாது. பத்து வெள்ளிக்கு ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கிற டிரை கேபினட்டை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் வட்டுகளுக்கும் போதும். அதற்குப் பணம் இல்லையென்றால் இறுக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க மறக்காதீர்கள். ஏர்கான் அறையிலிருந்து எடுத்த வட்டை உடனே வெளிக்காற்றில் பிரிக்காதீர்கள், வியர்த்துவிடும். பையோடு ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

எழுதுதடையை மறப்பது

வட்டில் கணினி எதையும் எழுதிவிடாமல் தடுக்க உறையிலேயே வழி உண்டு. மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. ஐந்தேகாலில் வெட்டு மூடியிருந்தால் பாதுகாப்பு. ஒன்றுக்கு ஒன்று தலைகீழ், குழம்பாதவர் இல்லை. சும்மா பார்க்கத்தானே போகிறோம் என்று விடவும் முடியாது. தடை போடாத வட்டை விண்டோஸ் 95 கணினியில் போட்டுப் பார்த்தாலே, வட்டின் தொடக்கப் பகுதியான பூட் செக்டரில் தன் அடையாளத்துக்காகச் சில எழுத்துகளை அது எழுதிவிடும். அதோடு உங்கள் வட்டு அசல் இல்லை.

ஆவணத்தை எடுத்து எழுத்துருவை விடுவது

தமிழ் வட்டுகளுக்கென்றே உள்ள தவறு. பிழைத்த வட்டுகளிலிருந்து ஆசிரியரின் ஒரு நாடகத்தைத் திறந்தபோது திரை முழுக்கக் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். கோப்பு கெட்டுப்போகவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் எழுத்துருவில் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அடுக்கியிருந்தது. ஒரு எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் இன்னொன்றில் 'ழ' இருக்கும். விண்டோஸே யூனிகோட் தமிழுக்கு வந்தது விண்டோஸ் 2000-இல்தான்.

இந்தக் குழப்பத்தை அவிழ்ப்பதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழுக்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி, கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1997 மே மாதம் இணையத் தமிழுக்கான தமிழ்நெட் 97 மாநாடு இங்கேதான் கூடியது. அந்தக் காலத்து வட்டுகள் இன்னும் எத்தனையோ தமிழாசிரியர்களின் மேசை இழுப்பறைகளில் கிடக்கும். எடுக்கும்போது ஆவணத்தோடு எழுத்துருக் கோப்பு, அந்த மென்பொருளின் நிறுவல் வட்டு, முடிந்தால் அச்சடித்த ஒரே ஒரு பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். அந்த ஒரு பக்கம் இருந்தால் எந்தக் குறி எந்த எழுத்து என்று பொருத்திவிடலாம். எனக்கு எழுத்துரு கிடைக்க எட்டு மாதம் ஆனது.

360 கேபி வட்டில் 1.2 எம்பி டிரைவால் எழுதுவது

இரண்டும் ஐந்தேகால் அங்குலம்தான், ஆனால் 1.2 எம்பி டிரைவ் எழுதும் தடம் பாதி அகலம். பழைய 360 கேபி டிரைவ் அதைச் சரியாகப் படிக்காது. எழுதாதீர்கள்.

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் உறையை வெளுப்பது

அவசரமே இல்லை. ஓடட்டும் முதலில்.

அட்டைப்பெட்டியைக் காராங் குனிக்கு (பழைய பொருள் வாங்குபவருக்கு) போடுவது

கையேடும் பெட்டியும் சேர்ந்தால்தான் சேகரிப்பு. 1989-இல் கிரியேட்டிவ் நிறுவனம் இங்கிருந்து உலகத்துக்கு அனுப்பிய முதல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை கிடைப்பதே அரிது, பெட்டியோடு கிடைப்பது அதைவிட அரிது. என்னிடம் பெட்டியோடு இருந்தது. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது போயிற்று. இதற்குமேல் வேண்டாம், மனைவியும் இதைப் படிப்பாள்.

அடுத்தவர் வட்டில் இருந்ததை இணையத்தில் போடுவது

அந்தப் பையனின் டின்னில் மிச்சமிருந்த முப்பதையும் இருவருமாக ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தோம். பதினெட்டில் வெள்ளைப் படலம். துடைத்துப் படித்ததில் ஒன்றில் யாரோ ஒருவரின் துணைப்பாட நிலையச் சம்பளக் கணக்கு இருந்தது, அடையாள அட்டை எண்களோடு. இப்படி இருக்கும் என்பதால்தான் எதையும் இணையத்தில் போடக் கூடாது. அதை அழித்துவிட்டோம். இன்னொன்றில் டூம் விளையாட்டின் முதல் வட்டு. இரண்டாவது வட்டு டின்னில் இல்லை. கேரோசலில் தேடிக்கொண்டிருக்கிறான்.