நௌகாவ் கஞ்சா வணிகத்தின் சமூக வரலாற்றை எழுதுவது எப்படி?

ஆங்கிலேயர் கால வங்காளத்தில், அரசு உரிமத்தோடு கஞ்சா விளைந்த நௌகாவ் வட்டாரத்தின் சமூக வரலாற்றை எழுத விரும்புவோர், கஞ்சா பற்றி 1893-94இல் 1,193 சாட்சிகளை விசாரித்த அரசு ஆணையத்தின் (Indian Hemp Drugs Commission) அறிக்கையிலிருந்து தொடங்கலாம். அதிலும் அதிகாரிகளின் முடிவுரையை விடச் சாட்சியங்களை முதலில் வாசியுங்கள். உழைத்தவர்கள் அங்கேதான் தென்படுகிறார்கள். வயலில் ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கியெறிந்த 'போத்தார்', அறுத்த பூங்கொத்துகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கியவர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். கலால் கணக்கு அரசின் வருவாயைத்தான் சொல்லும். அதை வைத்து விவசாயியின் வாழ்வை அளப்பது பெரும் பிழை என்றே கருதுகிறேன். 1917இல் அங்கே உருவான சாகுபடியாளர் கூட்டுறவுச் சங்கத்தை, விவசாயிகளுக்கும் வணிகர்களுக்கும் இருந்த உறவோடு சேர்த்துப் படியுங்கள்.