இருமலுக்குக் கேரகீன் பால்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலம். மூன்று வாரமாக இருமல் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வெளிர்மஞ்சளாக, மொடமொடவென்று சுருண்ட பாசி. பெயர் கேரகீன், ஐரிஷ் மொழியில் 'சிறு பாறை' என்று பொருள். நோன்புக் காலத்தில் நம்மூர் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசிக்கு இது தூரத்துச் சொந்தம்.

1937 முதல் 1939 வரை இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகள் டப்ளினில் பத்திரமாக இருக்கின்றன. மே மாதத்தில் காஞ்சொறி போல அரிக்கும் நெட்டில் கீரையைச் சமைத்துச் சாப்பிடுவது, வெட்டுக்காயத்துக்கு 'ஸ்லான்லுஸ்' என்ற செடியின் இலையைக் கசக்கி வைப்பது என்று எத்தனையோ கைவைத்தியம் அவற்றில் உண்டு. இருமலுக்கு என்றால் கேரகீன்.

பறிக்க ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் நன்றாக உள்வாங்கும். அப்போதுதான் இது வளரும் பாறைகள் வெளியே தெரியும். உள்ளங்கை அளவு விசிறி, நுனி நுனியாகப் பிரிந்திருக்கும். நிறம் கருஞ்சிவப்பு. தண்ணீருக்குள் வெயில் பட்டால் நுனிகளில் நீலம் மின்னும். கத்தரியால் நறுக்குங்கள், பிடுங்கவே பிடுங்காதீர்கள். அடி பாறையில் இருந்தால்தான் மறுபடி தழைக்கும். பாறை வழுக்கும், உள்வாங்கிய கடல் மறுபடி ஏறும் நேரம் தெரியாமல் இறங்கக் கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.

இனி பொறுமை வேண்டும். கழுவிப் புல்தரையில் பரப்பி, மழையிலும் வெயிலிலும் நாள்கணக்கில் விட்டுப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கருஞ்சிவப்பு ரோஜா நிறமாகி, பிறகு தந்த நிறமாக வெளுக்கும். கடல் வாடையும் உப்பும் போவது இதில்தான். நன்றாகக் காய்ந்ததும் துணிப்பையில் கட்டி வையுங்கள்.

காய்ச்ச ஐந்து கிராம் போதும், அதாவது ஒரு சின்னப் பிடி. முதல் தடவை நான் கை நிறையப் போட்டேன். பால் பாத்திரத்திலேயே அல்வா மாதிரி உறைந்துபோனது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அரை லிட்டர் பாலில் போட்டுச் சிறு தீயில் இருபது நிமிடம் வையுங்கள். அடிபிடிக்கும், பக்கத்திலேயே நின்று கிண்டுங்கள். பால் கரண்டியின் பின்புறம் மெல்லப் படியும்போது இறக்கி, பாசியைக் கரண்டியால் அழுத்தி வடிகட்டுங்கள். ஆறியபின் தேன். எலுமிச்சை பிடிக்குமென்றால் பாலுக்குப் பதில் தண்ணீரில் காய்ச்சுங்கள்.

சளியை இது குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன். தொண்டையில் வழுவழுப்பாகப் படர்ந்து எரிச்சலை அடக்கும், ராத்திரி தூங்க முடியும். பாசியில் அயோடின் உண்டு. தைராய்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. என்னைப் போல மூன்று வாரம் இழுத்துக்கொண்டே போகாமல், இருமல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

மிஞ்சிய பால் ஆறினால் உறைந்துவிடும். கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் மறுபடி இளகும்.