கோர்ட் ஃபீஸ் கட்டக் காசில்லை என்றால்

22 வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த காகிதங்களைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். இனி ஒருவரும் அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பணம் கேட்டு வழக்குப் போட்டால், கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். 2017-க்கு முன்பு ஏழரை சதவீதம். ஒரு தையல்கார அம்மா, கணவர் இறந்தபோது வந்த பணத்தில் 6 லட்சத்தைப் புரோ நோட்டு (கடன் வாங்கியவர் எழுதித் தரும் சீட்டு) வாங்கிக்கொண்டு கடன் கொடுத்திருந்தார். பணம் திரும்பவில்லை. ஃபீஸ் 18,000 ரூபாய். அவரிடம் 1,800 கூட இல்லை.

இந்த நிலைமைக்காகவே சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 33 இருக்கிறது. காசில்லாதவர் ஃபீஸ் கட்டாமலே வழக்குப் போட அதன்படி அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம். கோர்ட்டில் இதைப் பாப்பர் மனு என்போம். பிராதில், அதாவது வழக்கைத் தொடங்கக் கொடுக்கும் காகிதத்தில், வரவேண்டிய எல்லாமும் மனுவில் வரவேண்டும். கூடவே உங்கள் சொத்துப் பட்டியல், மதிப்போடு.

பெரும்பாலும் மனு அடிபடுவது இந்தப் பட்டியலில்தான். "தையல் மெஷினை எழுத வேண்டாம், பிடுங்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் அந்த அம்மா. எழுதுங்கம்மா என்றேன். தொழில் கருவி, சமையல் பாத்திரம், உடுத்தும் துணி எல்லாம் ஜப்தி செய்ய முடியாதவை; உங்கள் வசதிக் கணக்கில் அவை சேராது. வழக்கில் கேட்கும் 6 லட்சமும் சேராது. ஆனால் மறைத்தது வெளியே வந்தால் உங்கள் மற்ற பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள். அடகில் இருந்த தோட்டையும் எழுதினோம். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே நகை பற்றித்தான். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த அடகு ரசீதை நீட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மனு அனுமதியாகி, வழக்கும் நம்பர் ஆனது, அதாவது கோர்ட்டில் பதிவானது.

கோர்ட் விலக்கு தராத வரை மனுவை நீங்களே நேரில் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போகும். மனுவுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் நிலத்தை மகன் பேருக்கு எழுதி, அது ஃபீஸைத் தவிர்க்கச் செய்த மோசடி என்று தெரிந்தால் மனு தள்ளுபடிதான். சொந்தக்காரர்கள் இந்த யோசனையைச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

புரோ நோட்டுக்குக் காலக்கெடு 3 வருடம். அனுமதி கிடைத்தால், மனு போட்ட நாளே வழக்குப் போட்ட நாளாகக் கணக்கு.

ஃபீஸ் அடியோடு போய்விடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயித்தால், யார் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறதோ அவரிடம் அரசு வசூலிக்கும். தோற்றால் உங்களிடம் கேட்கும்.

பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

சரி, மனுவே தள்ளுபடியாகிவிட்டால்? ஃபீஸ் கட்ட அவகாசம் தர கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவு வரும் அன்றே வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.