போர்டைக் கடைசியில் வாங்குங்கள்: வேக்போர்டிங் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சென்னையை அடுத்த முட்டுக்காடு பாலத்துக்குச் சற்றுத் தள்ளிப் படகுக்காகக் காத்திருந்தோம். வேளச்சேரியிலிருந்து வந்த தம்பி ஒருவன் பைக்கின் பின் சீட்டில் கட்டிக் கொண்டுவந்த வேக்போர்டை இறக்கினான். படகு இழுக்க, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் நின்று சறுக்கும் பலகைதான் வேக்போர்டு. புத்தம் புதுசு, மேலுறைகூடப் பிரிக்கவில்லை. கறுப்பும் ஆரஞ்சுமாக, பார்க்கக் கொள்ளை அழகு.

"லைஃப் ஜாக்கெட் எங்கேப்பா?"

"போட்ல இருக்கும்லண்ணா?"

"கயிறு?"

அதுவும் படகில் இருக்கும் என்றான். போர்டின் அடியில் 134 என்று போட்டிருந்தது, சென்டிமீட்டர் கணக்கு. அவன் எடை 82 கிலோ. அன்று காலை பதினோரு முறை முயன்றான், ஒரு முறைகூடத் தண்ணீருக்கு மேல் எழ முடியவில்லை. கரைக்கு வந்ததும், "எனக்கு இது வராதுபோலண்ணா" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. உடம்பில் பலம் இருந்தது, நீச்சல் தெரிந்திருந்தது, சொன்னதைக் கவனமாகக் கேட்டான். அவனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் வாங்கிய பொருளும் வாங்கிய வரிசையும்தான் அவனை எழவிடவில்லை.

புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கையிலிருக்கும் பணத்தையெல்லாம் போர்டில் போட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதலில் உடம்பைக் காக்கும் ஜாக்கெட், அடுத்துக் கயிறு. முதல் இரண்டு மூன்று மாதம் போர்டை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டுங்கள். உங்கள் கால் எதைக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

படகில் தொங்கும் ஜாக்கெட்டை நம்புவது

சுற்றுலாப் படகுகளில் தொங்கும் தடித்த ஆரஞ்சு ஜாக்கெட் பயணிகளுக்கானது. படகு கவிழ்ந்தால் ஆளை மிதக்க வைக்கும். அந்த வேலைக்கு அது நல்ல பொருள். ஆனால் வேக்போர்டில் நீங்கள் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரில் விழுகிறீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் புகுந்து அதை மேலே தள்ளும். கழுத்தை நெரித்துக்கொண்டு அது முகத்தை மூடினால், மூச்சுவிட வேண்டிய நேரத்தில் கை ஜாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. சில விநாடிகள்தான், ஆனாலும் மறக்கவில்லை.

வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்கிக்கொண்டு, உடன் வந்தவரை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தொடும் அளவுக்கு ஏறினால் அது உங்களுக்கு ஆகாது. உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதுதான் சரி, ஏனென்றால் நனைந்ததும் தளரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீடியோக்களில் வரும் வீரர்கள் மெல்லிய, உடம்போடு ஒட்டிய ஜாக்கெட் போட்டிருப்பார்கள். அவற்றில் பல, விழும் அடியைத் தாங்குவதற்காக மட்டும் செய்யப்பட்டவை. மிதக்க வைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. உள்பக்க லேபிளைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 12402-5 என்றும் 50 நியூட்டன் என்றும் இருந்தால் நீச்சல் தெரிந்தவருக்கு உதவும் மிதவை அது, ஏறத்தாழ 5 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். தண்ணீருக்குள் நம் உடம்பின் எடை பெரும்பாலும் குறைந்துவிடுவதால் தலையை மேலே வைத்திருக்க அது போதும். புதிதாகக் கற்பவர் ஓட்டுகிற நேரத்தைவிட, விழுந்துவிட்டுப் படகு திரும்பி வரும்வரை மிதந்துகொண்டு காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கை ஓய்ந்துபோன அந்த நேரத்தில் மிதக்காத ஜாக்கெட்டால் ஒரு பயனும் இல்லை.

ஒன்றை மனதில் வையுங்கள்: மயங்கி விழுந்தவரை மல்லாக்கத் திருப்பிப் போடும் சக்தி இந்த 50 நியூட்டன் ஜாக்கெட்டுக்குக் கிடையாது. அதனால் படகில் ஓட்டுபவரைத் தவிர, பின்னால் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏறாதீர்கள்.

கையில் கிடைத்த கயிறு

காசிமேட்டுக் கடைகளில் நல்ல நைலான் கயிறு கிடைக்கும். படகைக் கட்டவும் நங்கூரத்துக்கும் அருமையான கயிறு, அலை இழுக்கும்போது நீண்டு கொடுத்து வெட்டு விழாமல் காக்கும். அதே குணம்தான் நமக்கு எமன். படகு இழுக்க ஆரம்பித்ததும் கயிறு முதலில் நீளும், பிறகு சட்டென்று சுருங்கி உங்களை முன்னால் பிடுங்கும். உட்கார்ந்த நிலையிலிருந்து மெல்ல எழ வேண்டிய ஆள் முகம் குப்புற விழுவார். கோவளத்தில் படகோட்டும் பெரியவர் ஒருவர் ஒருமுறை என் கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ரப்பரு. நீ விட்டேன்னா கைப்பிடி திரும்பி எம் மேலதான் வரும்" என்றார். அவர் சொன்னது உண்மை. பாரத்தில் நீண்டிருக்கும் கயிறு விடுபட்டால், கைப்பிடி படகில் இருப்பவர் முகத்தை நோக்கிப் பாயும். போதாததற்கு நைலான் தண்ணீரில் மூழ்கும், புரொப்பெல்லரில் சிக்கும்.

வேக்போர்டுக்கு நீளாத, மிதக்கும் கயிறு வேண்டும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வருவது கிட்டத்தட்ட நீளவே நீளாது, தண்ணீரைவிட லேசானது. அந்த விலை தாங்காதென்றால், வேக்போர்டுக்கென்றே விற்கும் பாலிஎதிலீன் கயிறு தொடக்கத்துக்குப் போதும். வாட்டர் ஸ்கீ கயிறும் ஓரளவு நீளும் என்பதால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

நீளத்திலும் ஏமாறுகிறார்கள். கடையில் 20 மீட்டருக்கு மேல் உள்ள கயிற்றைக் கொடுத்தால் அப்படியே கட்டிவிடுகிறார்கள். தொடங்குபவருக்கு 10 முதல் 15 மீட்டர் போதும். படகுக்குப் பக்கத்தில் இருக்கும்போது படகு கிளப்பும் அலை குறுகலாக இருக்கும், ஓட்டுபவர் சொல்வதும் காதில் விழும். நீளத்தைக் குறைக்க இடையிடையே கண்ணி வைத்த கயிறாகப் பார்த்து வாங்குங்கள், பிறகு நீங்கள் வளர வளரக் கயிற்றையும் நீட்டிக்கொள்ளலாம்.

கயிறு என்றதும் படகையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவரிடம் மீன்பிடி ஃபைபர் படகு இருக்கிறது, அதில் கட்டி இழுக்கலாம் என்று சிலர் வருகிறார்கள். சுமார் 10 குதிரைத்திறன் என்ஜின் வளர்ந்த ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தாது. நீங்கள் தண்ணீர் குடிப்பீர்கள், அவருடைய என்ஜின் சூடாகும். இருவருக்கும் நஷ்டம்.

சர்ஃப் போர்டு இருக்கிறதே, அது போதாதா?

கோவளம் சர்ஃபிங்குக்குப் பேர்போன ஊர் என்பதால் இந்தக் கேள்வி வராத வாரமில்லை. போதாது என்பதற்கு இந்த விளையாட்டின் கதையிலேயே காரணம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் டோனி ஃபின் என்ற சர்ஃபர், படகு இழுத்துப் போகும்படி ஸ்கர்ஃபர் என்ற குட்டைப் பலகையைக் கொண்டுவந்தார். சர்ஃப் போர்டின் தம்பி மாதிரி அது நன்றாக மிதந்தது, அதுவே சங்கடமானது. ஆழமான தண்ணீரில் உட்கார்ந்து எழ வேண்டுமென்றால் மிதக்கிற பலகையை முதலில் உடம்பின் கீழ் அமுக்கிப் பிடிக்க வேண்டும், பலமுள்ளவர்களுக்கே அது கஷ்டம். 1990இல் ஹெர்ப் ஓபிரையன் கொண்டுவந்த ஹைப்பர்லைட் போர்டுதான் மிதப்பைக் குறைத்துச் சமநிலையாக்கி, சாதாரண ஆளும் எழுந்து நிற்க வழி செய்தது. இன்றைய போர்டுகள் அந்த வழியில் வந்தவை.

டிசைனைப் பார்த்துப் போர்டு வாங்குவது

போர்டின் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் எடை. உயரம் இதில் சேர்த்தியில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: 45 கிலோவுக்குக் கீழே இருந்தால் 130 சென்டிமீட்டருக்கும் குறைவு, 65 வரை 130 முதல் 134, அதற்கு மேல் 85 வரை 135 முதல் 139, அதையும் தாண்டினால் 140க்கு மேல். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் யோசிக்காமல் பெரியதை எடுங்கள். பெரிய போர்டு குறைந்த வேகத்திலேயே எழுப்பிவிடும், விழாமல் தாங்கும். சின்னது தண்ணீருக்குள் புதைந்துகொண்டு, இன்னும் வேகம் கொடு என்று படகைக் கேட்கும். வேளச்சேரித் தம்பிக்கு நடந்தது அதுதான். அடுத்த வாரம் என்னுடைய பழைய 141ஐக் கொடுத்தோம். மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றான். அவன் போட்ட சத்தத்துக்குக் கரையோரக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

அடுத்து வளைவு. ராக்கர் என்பார்கள். போர்டைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நுனிமுதல் நுனிவரை வில்போல ஒரே வளைவாக இருந்தால் கன்டினியுவஸ் ராக்கர். நடுப்பகுதி தட்டையாக, இரண்டு முனையும் சட்டென்று மேலே மடங்கியிருந்தால் த்ரீ-ஸ்டேஜ். இரண்டாவது வகை அலையில் மோதியதும் நேராக மேலே தூக்கி எறியும், இறங்கும்போது முழங்காலில் அடி விழும். உயரமாகக் குதிப்பவர்களுக்கு அது சுகம். தொடங்குபவருக்கு முதல் வகைதான், தண்ணீரை வெண்ணெய்போல வழித்துக்கொண்டு போகும்.

மூன்றாவது, கேபிள் போர்டு. துபாயிலிருந்து மாமா கொண்டுவருகிறார், சிங்கப்பூரில் அக்கா வாங்கித் தருகிறார் என்று வரும் போர்டுகளில் பல கேபிள் பார்க்குக்கானவை. அங்கே படகு கிடையாது. தலைக்கு மேலே ஓடும் கம்பிவடம் மேல்நோக்கி இழுக்கும், தண்ணீரில் சறுக்குமேடைகள் இருக்கும். அதனால் அந்தப் போர்டு வளைந்து கொடுக்கும், அதன் அடி கெட்டியாக, பெரும்பாலும் ஃபின் எனும் சிறு துடுப்பு இல்லாமல் இருக்கும். படகுக்குப் பின்னால் அதை ஓட்டினால் சோப்பு நுரையில் நிற்பது மாதிரி வழுக்கும். கழற்றி மாட்டும் ஃபின் உள்ள படகுப் போர்டாகக் கேளுங்கள். நம் கழிமுகத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஃபின் தட்டினால் மாற்றிக்கொள்ளலாம். போர்டோடு சேர்த்து வார்த்த ஃபின் உடைந்தால் போர்டே போயிற்று. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லியனுப்பும்போது இன்னொன்றும் உண்டு. பல விமான நிறுவனங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். 139 நீளப் போர்டின் அகலத்தை மட்டும் சேர்த்தாலே அது தாண்டிவிடும், கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

பைண்டிங்: செருப்பில் உள்ள எண்ணைச் சொல்லி ஆர்டர் செய்வது

நம் கடைகளில் செருப்புக்கும் ஷூவுக்கும் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. போர்டில் காலை மாட்டிக்கொள்ளும் பைண்டிங்குகளில் அமெரிக்க அளவு போட்டிருப்பது அதிகம். ஆண்களுக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஓர் எண் வித்தியாசம், இங்கே 8 என்றால் அங்கே 9. பெண்களுக்கான அமெரிக்க அளவு இன்னும் விலகும். பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பட்டியலோடு ஒப்பிடுவதே நல்லது.

பைண்டிங்கை மாட்டி, குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். குதிகால் தனியே எழும்பினால் தளர்வு. தளர்ந்த பைண்டிங்கில் விழும்போது ஒரு கால் வெளியே வந்து மறு கால் மாட்டிக்கொண்டால், போர்டின் நீளம் முழுக்க நெம்புகோலாகி முழங்காலைத் திருகும். அதே சமயம் விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம். விரல் வெளியே தெரியும் திறந்த வகை நம்மைப் போல அகலப் பாதம் உள்ளவர்களுக்குத் தோது, அண்ணன் தம்பி இருவரும் ஒன்றையே மாற்றி மாற்றிப் போடலாம்.

கால் நுழையவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ரப்பரையும் பசையையும் தின்றுவிடும். குழந்தைகள் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து தெளித்தாலே கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

எந்தக் கால் முன்னே என்பதை நண்பரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈர மொசைக் தரையில் ஓடிவந்து சறுக்கினால் தானாக முன்னே போகும் கால்தான் உங்களுடையது. கால்களுக்கு நடுவே தோளகல இடைவெளி, முன்கால் 15 டிகிரி அளவுக்கு வெளிநோக்கி, பின்கால் நேராக. இப்படித் தொடங்குங்கள்.

ஹெல்மெட்டும் உடையும்

சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். அதன் தெர்மோகோல் போன்ற பொருள் ஓர் அடிக்குத்தான் தாங்கும், முன்விளிம்பு தண்ணீரை வாரிக் கழுத்தை வெட்டி இழுக்கும். நீர் விளையாட்டுக்கான ஈஎன் 1385 குறி உள்ளதை, விளிம்பில்லாமல், தலையோடு ஒட்டினாற்போல வாங்குங்கள். திறந்த ஆழ்நீரில் ஹெல்மெட் தேவையா என்று ஓட்டுபவர்களுக்குள் வாதம் உண்டு. கம்பும் மணல்மேடும் உள்ள நம் தண்ணீரில் போடுங்கள் என்றே சொல்வேன்.

குளிர் தாங்கப் போடும் வெட் சூட்டில் பணத்தைப் போடாதீர்கள். சென்னைத் தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பானது. முழுக்கை லைக்ரா சட்டையும் உலோக ஜிப் இல்லாத அரைக்கால் சட்டையும் போதும். பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம், நனைந்து கனத்து அக்குளை அறுத்துவிடும்.

அக்டோபரில் வாங்குவது

தீபாவளித் தள்ளுபடியில் எல்லாவற்றையும் வாங்கி அடுத்த நாளே இறங்கத் துடிப்பவர்களுக்காக இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழைநீரோடு ஊர்ச் சாக்கடையும் கழிமுகத்துக்கு வரும், முகத்துவாரத்தில் இழுப்பு கடுமையாக இருக்கும், அடித்து வரும் மரக்கட்டை கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் வாங்கிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தில் மிதந்து பழகுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகு, கடற்காற்று எழும்பும் முன், விடியற்காலையில் இறங்கலாம்.

கோடையில் போர்டைப் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். மே மாத வெயிலில் பைண்டிங்கின் பசை இளகிப் பிரியும், போர்டும் உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், நம் உப்புத் தண்ணீரில் திருகாணி ஒரே சீசனில் துருப்பிடித்து இறுகிவிடும். பையில் ஒரு ஸ்குரூடிரைவர் எப்போதும் இருக்கட்டும். இறங்கும் முன் நான்கு திருகாணியையும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுக் காலை நுழையுங்கள்.