கவுன்ட்டி போர்டிடம் எதை, எப்போது கேட்பது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் குப்பைக் கட்டணம் ஏறிவிட்டதென்று போர்டோடு, அதாவது கவுன்ட்டியை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவோடு, சண்டைக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: உங்கள் வீட்டுக்கு வருவது யார் லாரி? இங்கே பல தெருக்களில் தனியார் கம்பெனிதான் எடுக்கிறது. கவுன்ட்டி லாரி வரும் இடங்களில் கட்டணம் சொத்து வரி பில்லோடு சேர்ந்தே வரும். அதை மட்டும்தான் போர்டிடம் பேச முடியும்.

கழிவுநீர்க் கட்டணம், பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'சாக்' கட்டணம் எல்லாம் பட்ஜெட்டோடு முடிவாகும். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடக்கம். பட்ஜெட் பற்றி மக்கள் பேசும் ஏப்ரல் பொது விசாரணைக்கு முன்கூட்டியே பெயர் கொடுங்கள். மே மாதம் போய் நின்றால் கதை முடிந்திருக்கும்.

சட்டமே மாற வேண்டுமா? வர்ஜீனியாவில் டில்லன் விதி; மாநிலம் தராத அதிகாரத்தில் கவுன்ட்டி துரும்பைக்கூட அசைக்க முடியாது. மாநிலச் சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூடும். போர்டு அதற்கு முன்பே சட்டமன்றத்திடம் வைக்கும் தன் கோரிக்கைப் பட்டியலை இறுதி செய்துவிடும். ஆகவே இலையுதிர் காலத்திலேயே உங்கள் மாவட்ட சூப்பர்வைசருக்கு, அதாவது உங்கள் பகுதியின் போர்டு உறுப்பினருக்கு, எழுதுங்கள்.

பொது விசாரணையில் பேசக் கிடைப்பது 3 நிமிஷம். நம்மூர் வழக்கப்படி 'மாண்புமிகு' என்று நீட்டினால் அரை நிமிஷம் காலி. பழைய பில், புதிய பில், எவ்வளவு குறைய வேண்டும்: மூன்றையும் தாளில் எழுதி வாசியுங்கள்.